விலையைக் காது கேட்குமா? மின்கிட்டார் தேர்வில் இயற்பியல்

மாணவர்களே, இசைக்கருவிக் கடைச் சுவரில் மின்கிட்டார்கள் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றின் விலை ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டியிருக்கும். அதே வடிவமும் நிறமும் ஆறு தந்திகளும் கொண்ட இன்னொன்று பக்கத்திலேயே இருக்கும். அதன் விலையோ பல ஆயிரம் ரிங்கிட். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரிதான் தெரியும்.

பள்ளி இசைக்குழுவில் வாசிக்க ஆசைப்படும் ஒரு மாணவருக்கு இது பெரிய கவலை. தீபாவளிக்குக் கிடைத்த பணம், விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணம், அம்மா அப்பா தருவதாகச் சொன்ன பங்கு எல்லாம் சேர்ந்தாலும் விலை உயர்ந்த கிட்டாரைத் தொட முடியாது. குறைந்த விலையில் வாங்கினால் அது விளையாட்டுப் பொருளாகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். கடன்பட்டாவது பெரிய பெயரை வாங்கிவிடலாமா என்ற சபலம் மறுபக்கம்.

இந்தக் கேள்விக்கு விளம்பரத்தைவிட உங்கள் அறிவியல் பாடநூல் நல்ல பதில் தரும். மின்கிட்டாரின் ஒலி எங்கே பிறக்கிறது, எந்தப் பகுதி அதை மாற்றுகிறது, எதை நாமே அளந்து பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டால் போதும். உங்கள் பணத்துக்கு ஏற்ற நல்ல கிட்டாரை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

ஒலி பிறக்கும் இடம்

சாதாரணக் கிட்டாரில் தந்தி அதிர்கிறது. அந்த அதிர்வு மரப்பலகைக்குப் போகிறது. பலகை காற்றை அசைக்கிறது. ஆகவே அங்கே பலகையின் தன்மைக்குப் பெரிய பங்கு உண்டு. மின்கிட்டாரில் கதை வேறு. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரக்கட்டை. ஆம்ப்ளிஃபையரில் இணைக்காமல் வாசித்தால் பக்கத்து அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது.

தந்திகளுக்கு அடியில் இருக்கும் ‘பிக்கப்’ என்ற பகுதிதான் இங்கே காது. அதற்குள் காந்தங்கள் இருக்கும். அவற்றைச் சுற்றி, தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். மேலே உள்ள எஃகுத் தந்தியை அந்தக் காந்தம் தானும் காந்தத்தன்மை பெறச் செய்கிறது. தந்தி அதிரும்போது, சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் கூடிக் குறைகிறது. மாறும் காந்தப்புலம் கம்பிச்சுருளில் மின்னழுத்தத்தை உண்டாக்கும். 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். ஐந்தாம் படிவத்தில் இயற்பியல் எடுப்பவர்கள் இதைப் பாடமாகவே படிப்பீர்கள். தந்தி ஒரு நொடிக்கு 110 முறை அதிர்ந்தால், சுருளில் பிறக்கும் மின்சாரமும் 110 ஹெர்ட்ஸில் அலைபாயும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்க, ஸ்பீக்கர் அதை மீண்டும் ஒலியாக்குகிறது.

நைலான் தந்தி பூட்டினால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும். நைலான் காந்தத்துக்கு வசப்படாது.

ஒரு வரலாற்றுச் செய்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வணிக வெற்றி பெற்ற முதல் மின்கிட்டார் 1932இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விற்பனைக்கு வந்தது. ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோரின் முயற்சி அது. மடியில் வைத்து வாசிக்கும் அந்தக் கருவியின் உடல் மரமில்லை. உருக்கி வார்த்த அலுமினியம். பார்ப்பதற்கு வாணலிபோல் இருந்ததால் அதற்கு ‘ஃபிரையிங் பேன்’ என்றே பெயர் வந்தது. மரமே இல்லாமலும் மின்கிட்டார் ஒலிக்கும் என்பது அதன் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு வகைப் பிக்கப்

கடையில் கிட்டாரைப் பார்த்ததும் பிராண்டைப் படிப்பதற்கு முன் பிக்கப்பைப் பாருங்கள். ஒற்றை வரிசையாக ஒல்லியாக இருந்தால் அது ‘சிங்கிள் காயில்’, அதாவது ஒற்றைச் சுருள். அதன் ஒலி தெளிவாகவும் கூர்மையாகவும் இருக்கும். ஆனால் அது தந்தியை மட்டும் கேட்பதில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் மாறிக்கொண்டிருக்கிறது. விளக்கு, மின்மாற்றி போன்றவற்றிலிருந்து வரும் அந்த மாற்றத்தையும் சுருள் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் வாசிக்காமல் இருக்கும்போதும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்கிறது.

இரட்டிப்பு அகலமாக இருந்தால் அது ‘ஹம்பக்கர்’. 1955இல் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் இதை உருவாக்கினார். இதில் இரண்டு சுருள்கள் உண்டு. அவற்றின் காந்தத் துருவங்களும், மின்சாரம் ஓடும் திசையும் ஒன்றுக்கொன்று எதிராக இருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரு சுருளில் கூட்டலாகவும் மற்றொன்றில் கழித்தலாகவும் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் குறியீடோ இரண்டு முறை திருப்பப்படுவதால் ஒன்றோடொன்று சேர்ந்து பலமாகிவிடும். எதிர்மறையும் எதிர்மறையும் பெருக்கினால் நேர்மறை என்ற கணிதப் பாடம் இங்கே உங்கள் காதில் கேட்கிறது.

பிக்கப் இருக்கும் இடமும் ஒலியை மாற்றும். தந்தி முழுநீளத்தில் மட்டும் அதிர்வதில்லை. பாதி, மூன்றிலொன்று, நான்கிலொன்று என்று சிறு பகுதிகளாகவும் ஒரே நேரத்தில் அதிர்கிறது. நான்கு பகுதிகளாக அதிரும்போது, நுனியிலிருந்து நான்கிலொரு பங்கு தூரத்தில் தந்தி அசையாத புள்ளி ஒன்று இருக்கும். அங்கே பிக்கப்பை வைத்தால் அந்த மேற்சுரம் அதற்குக் கேட்காது. கழுத்துப் பக்கப் பிக்கப் மென்மையாகவும், பிரிட்ஜ் எனப்படும் கீழ்ப்பக்கத் தாங்கியை ஒட்டிய பிக்கப் கூர்மையாகவும் ஒலிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இவை எல்லாம் விலை உயர்ந்த கிட்டாரிலும் விலை குறைந்த கிட்டாரிலும் ஒரே மாதிரி நடக்கும் இயற்பியல்.

மெட்டுகளின் கணக்கு

கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பிகளை ‘ஃபிரெட்’ என்கிறோம். வீணையில் இதை மெட்டு என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம். ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்குப் போனால் சுரம் அரைப்படி உயரும். பன்னிரண்டு அரைப்படி ஏறினால் அதிர்வெண் சரியாக இரட்டிப்பாகும். அப்படியானால் ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் எத்தனை மடங்காக வேண்டும்? பன்னிரண்டு முறை தன்னோடு தானே பெருக்கினால் 2 வரும் எண்ணால். அதாவது ஏறக்குறைய 1.0595.

ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 648 மில்லிமீட்டர். 648ஐ 1.0595ஆல் வகுத்தால் 611.6 கிடைக்கும். ஆகவே முதல் மெட்டு, தலைப்பக்க முனையிலிருந்து சுமார் 36.4 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். ஐந்தாவது மெட்டு 162.5இல். பன்னிரண்டாவது மெட்டு நேர்பாதியில், 324இல். இந்த எண்கள் எந்தத் தொழிற்சாலைக்கும் பொதுவானவை. பணம் அதிகம் கொடுத்தால் 1.0595 மாறிவிடாது.

முன்பு இந்த மெட்டுப் பள்ளங்களைச் சரியான இடத்தில் அறுக்கத் தேர்ந்த கை தேவைப்பட்டது. இன்று கணினி இயக்கும் வெட்டு இயந்திரங்கள் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் வெட்டித் தள்ளுகின்றன. குறைந்த விலைக் கிட்டார்கள் பழைய காலத்தைவிட நன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிப்சன் லெஸ் பால் வகையில் அதிரும் நீளம் சற்றுக் குறைவு, ஏறக்குறைய 628 மில்லிமீட்டர். ஒரே தந்தியை ஒரே சுரத்துக்கு முறுக்கினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் குட்டைக் கிட்டாரில் இழுவிசை சுமார் 6 விழுக்காடு குறையும். விரல் சிறியவர்களுக்கும் புதிதாகக் கற்பவர்களுக்கும் இந்த வேறுபாடு உடனே தெரியும். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கண்ணைக் கட்டினால் தெரியும்

“இது அரிய மரம், அதனால்தான் இந்த ஒலி” என்று கடைகளில் சொல்வார்கள். மரத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு. கழுத்தும் உடலும் தந்தியின் அதிர்வைச் சிறிது உறிஞ்சுகின்றன. கனமும் உறுதியும் மரத்தைப் பொறுத்தவை. ஆனால் பிக்கப்பின் வகை, அது தந்திக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, தந்தி புதியதா பழையதா, எந்த ஆம்ப்ளிஃபையர் என்பவை உண்டாக்கும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது.

மரத்துக்கு அதிகப் பங்கு உள்ள சாதாரணக் கிட்டாரிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2018இல் வெளியானது. பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்களாக அமைந்த ஆறு கிட்டார்கள் செய்யப்பட்டன. அவற்றில் விலை மிகுந்த பிரேசில் ரோஸ்வுட்டும் உண்டு. எளிதில் கிடைக்கும் மரங்களும் உண்டு. 52 கிட்டார் கலைஞர்கள் மங்கிய ஒளியில், வெல்டிங் வேலைக்காரர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார்கள். எது எந்த மரம் என்று பார்க்க வழியில்லை. அவர்கள் ஒலிக்குக் கொடுத்த மதிப்பீடுகளில் மரத்துக்கு மரம் பெரிய வேறுபாடு இல்லை.

பிரேசில் ரோஸ்வுட் அழிவின் விளிம்பில் நிற்கும் மரம். 1992 முதல் அதன் அனைத்துலக வணிகத்துக்குக் கடுமையான தடை உள்ளது. காடு தரும் விலையையும் சேர்த்து எண்ணினால், எளிய மரத்தில் செய்த கிட்டாரை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது?

விலை உயர்ந்த கிட்டார்கள் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கா, ஜப்பான் போன்ற நாடுகளில் தொழிலாளர் ஊதியம் அதிகம். மெட்டுகளின் ஓரத்தை ஒவ்வொன்றாகக் கையால் உருட்டி மெருகேற்றுகிறார்கள். முறுக்காணிகளும் மின்பாகங்களும் தரமானவை. தொழிற்சாலையை விட்டு வெளியேறும் முன் கூடுதல் நேரம் சோதிக்கிறார்கள். பிறகு விற்றால் நல்ல விலையும் கிடைக்கலாம். இவற்றோடு பெயருக்கும் ஒரு விலை இருக்கிறது.

பெரிய நிறுவனங்களே இதை அறிந்து, தங்கள் வடிவங்களைக் குறைந்த விலையில் வேறு பெயரில் தருகின்றன. ஃபெண்டர் 1982இல் ஸ்கொயர் என்ற வரிசையைத் தொடங்கியது. கிப்சன் 1957இல் தனதாக்கிக்கொண்ட எபிஃபோன் நிறுவனத்தின் பெயரில் இன்று லெஸ் பால் வடிவம் குறைந்த விலையில் கிடைக்கிறது. யமஹாவின் பசிஃபிகா வரிசை புதியவர்களிடம் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. அதில் சில மாடல்களில் இரண்டு ஒற்றைச் சுருளும் ஒரு ஹம்பக்கரும் சேர்ந்தே வருவதால், இரு வகை ஒலியையும் ஒரே கிட்டாரில் பழகலாம். இவற்றில் பல நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவிலேயே தயாராகின்றன.

விலை முதலில் ஏறும்போது தரம் வேகமாக ஏறும். சில நூறு ரிங்கிட் கிட்டாருக்கும் ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் கிட்டாருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத் தொடக்கநிலை மாணவரும் உணர்வார். ஐயாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையே உள்ளதைக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். உங்கள் முதல் கிட்டாருக்கு அந்த வேறுபாடு தேவைப்படாது.

ஆனால் குறைந்த விலைக் கிட்டார்களில் ஒரே மாடலின் இரண்டு பிரதிகள் ஒரே மாதிரி இருப்பதில்லை. சோதனைக்கு அவற்றில் செலவிடும் நேரம் குறைவு. அந்த மிச்சச் சோதனையை நீங்கள்தான் செய்ய வேண்டும்.

கடையில் செய்ய வேண்டிய ஆறு சோதனைகள்

கைப்பேசியில் இலவச ‘டியூனர்’ செயலி ஒன்றைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அது சுரத்தின் விலகலை ‘சென்ட்’ என்ற அலகில் காட்டும். இது நம் சென் காசு இல்லை. அரைப்படிச் சுரத்தை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு சென்ட். சோதனைக்கு முன் கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, ஆறு தந்திகளையும் சுதி சேர்த்துவிடுங்கள்.

முதலாவது, கழுத்து. தடித்த தந்தியை முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது தந்தி ஓர் அடிக்கோல். ஏழாவது, எட்டாவது மெட்டுப் பக்கத்தில் தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பெயரட்டையின் கனம் இருந்தால் போதும். ஆறு தந்திகளும் சேர்ந்து மிகுந்த விசையோடு கழுத்தை இழுக்கின்றன. அதை எதிர்த்து நிற்க, கழுத்துக்குள் ‘டிரஸ் ராட்’ எனும் எஃகுக் கம்பி இருக்கிறது. இடைவெளி கூடக்குறைய இருந்தால் அதைத் திருகிச் சரிசெய்யலாம். ஆனால் தலைப்பக்கத்திலிருந்து கண்ணை வைத்துப் பார்க்கும்போது கழுத்து கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் கிட்டார் வேண்டாம்.

இரண்டாவது, மெட்டுகளின் ஓரம். கழுத்தின் இரு பக்கமும் உள்ளங்கையை மெல்ல ஓட்டுங்கள். ஊசி குத்துவதுபோல் உறுத்தக் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொரு மெட்டும். ஆறு தந்திகளிலும் எல்லா மெட்டுகளையும் ஒன்றொன்றாக அழுத்தி மீட்டுங்கள். ‘கிர்ர்’ என்று உலோகம் உரசும் ஓசை எங்கே வருகிறது என்று கவனியுங்கள். பல இடங்களில் வந்தால் தந்திகள் மிகத் தாழ்வாக இருக்கலாம், சரிசெய்யலாம். ஒரே இடத்தில் மட்டும் வந்தால் அதற்கு அடுத்த மெட்டு உயர்ந்து நிற்கிறது என்று பொருள். அதைத் தேர்ந்த கைதான் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும்.

நான்காவது, பன்னிரண்டாவது மெட்டு. அந்த மெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி மீட்டிவிட்டு விரலை எடுங்கள். மணிபோன்ற ஒலி கேட்கும். அதைச் செயலியில் பாருங்கள். பிறகு அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்ட வேண்டும். அழுத்தும்போது தந்தி சிறிது நீள்கிறது, இழுவிசை ஏறுகிறது, சுரமும் ஏறுகிறது. இதை ஈடுசெய்யத்தான் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் நகரும் ‘சேடல்’ உண்டு. சில சென்ட் வேறுபாடு இருந்தால், சேடலை நகர்த்த இடமிருக்கிறதா என்று பாருங்கள். இடமிருந்தால் கவலையில்லை.

ஐந்தாவது, சுதி நிற்கிறதா? ஒவ்வொரு தந்தியையும் பத்து முறை விரலால் வளைத்து வாசித்துவிட்டு மீண்டும் செயலியைப் பாருங்கள். புதுத் தந்தி கொஞ்சம் இறங்குவது இயல்பு. மறுபடி சேர்த்துச் சோதிக்கும்போது நிற்க வேண்டும். சுதி சேர்க்கும்போது ‘டிங்’ என்று ஒலித்துச் சுரம் திடீரெனத் தாவினால், தலைப்பக்கம் தந்திகள் தங்கும் ‘நட்’ என்ற பட்டையின் பள்ளத்தில் தந்தி சிக்கிக்கொள்கிறது. உராய்வுதான் குற்றவாளி. குறைந்த செலவில் சரிசெய்யக்கூடிய குறை இது.

ஆறாவது, மின்பாகங்கள். ஆம்ப்ளிஃபையரில் இணைத்து எல்லாக் குமிழ்களையும் மெல்லத் திருப்புங்கள். பிக்கப் மாற்றும் சுவிட்சை ஒவ்வொரு நிலைக்கும் தள்ளுங்கள். ஒயர் செருகும் துளையை லேசாக அசையுங்கள். கரகரப்போ ஒலி அறுபடுவதோ இருந்தால் கடைக்காரரிடம் சொல்லுங்கள்.

எதைப் பிறகு மாற்றலாம்?

இந்தச் சோதனைகளுக்குப் பிறகு குறைகளை இரண்டு கூடைகளில் போடுங்கள். பழைய தந்தி, தந்தியின் உயரம், நட் பள்ளம், முறுக்காணி, பிக்கப் ஆகியவை முதல் கூடை. இவற்றை இன்றோ இன்னும் இரண்டு ஆண்டு கழித்தோ மாற்றிக்கொள்ளலாம். முறுக்கிய கழுத்து, தவறான இடத்தில் பதித்த மெட்டுகள், உடலோடு சரியாகப் பொருந்தாத கழுத்து ஆகியவை இரண்டாவது கூடை. இவற்றில் ஒன்று இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வாங்காதீர்கள்.

கையிலுள்ள பணம் முழுவதையும் கிட்டாரிலேயே போட்டுவிடாதீர்கள். கிட்டார் ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகளை அதிகம் வெளியிடுவதில்லை. அந்த வடிகட்டலும் நமக்குப் பழகிய கிட்டார் ஒலியின் ஒரு பகுதி. மோசமான ஆம்ப்ளிஃபையரில் பத்தாயிரம் ரிங்கிட் கிட்டாரும் மோசமாகத்தான் ஒலிக்கும். ஒரு நல்ல சிறிய ஆம்ப்ளிஃபையர், ஒரு ஒயர், ஒரு செட் மாற்றுத் தந்தி, கடையில் ஒரு முறை முழுச் சரிபார்ப்பு ஆகியவற்றுக்கும் ஒதுக்கி வையுங்கள்.

வாங்கிய பிறகு நம் நாட்டு வானிலையையும் நினைவில் வையுங்கள். ஈரப்பதம் மிகுந்த காற்றில் மரம் நீரை இழுத்து விரிகிறது. குளிரூட்டிய அறையில் காய்ந்து சுருங்குகிறது. வியர்வையின் உப்பு எஃகுத் தந்தியைத் துருப்பிடிக்க வைக்கிறது. வாசித்ததும் தந்திகளைத் துணியால் துடையுங்கள். கிட்டாரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெளியிலிருந்து குளிரூட்டிய மண்டபத்துக்குள் போனால் எஃகு சுருங்கிச் சுதி ஏறும். சற்று நேரம் பொறுத்துச் சுதி சேருங்கள்.

பணமில்லாத ஒரு மாணவரின் கிட்டார்

1963இல் இலண்டன் அருகே வாழ்ந்த பிரையன் மே என்ற பதினாறு வயது மாணவருக்கும் ஸ்ட்ராட்டோகாஸ்டர்மீது ஆசை. அதை வாங்கும் வசதி குடும்பத்துக்கு இல்லை. மின்னணுப் பொறியாளரான அவருடைய தந்தை ஹெரால்டும் அவரும் சேர்ந்து தாங்களே ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார்கள். கழுத்துக்கு, பழைய கணப்படுப்பின் மேற்சட்டமாக இருந்த மகாகனி மரம். அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். தந்திகளைத் தளர்த்தி இறுக்கும் பொறிக்குப் பழைய மோட்டார்சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். அந்தப் பொறி உராய்வின்றி ஆட, கத்தியின் முனைபோன்ற தாங்கி. மெட்டுகளுக்கு இடையே உள்ள அடையாளப் புள்ளிகளுக்குச் சிப்பிப் பொத்தான்கள்.

பிக்கப்பையும் முதலில் அவர் தாமே செய்து பார்த்தார். பிறகு பர்ன்ஸ் நிறுவனத்தின் பிக்கப்புகளை வாங்கிப் பொருத்தினார். எதைத் தாமே செய்யலாம், எதற்குப் பணம் செலவிட வேண்டும் என்று அளந்து பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார். ‘ரெட் ஸ்பெஷல்’ என்ற அந்தக் கிட்டாரோடு அவர் குவீன் இசைக்குழுவில் உலகம் முழுவதும் வாசித்தார். 2002இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரைமீது நின்று வாசித்ததும் அதே கிட்டாரில்தான். இடையில் நிறுத்தியிருந்த வானியற்பியல் ஆய்வை மீண்டும் தொடர்ந்து, 2007இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டமும் பெற்றார்.

எல்லாரும் மரம் அறுத்துக் கிட்டார் செய்ய வேண்டியதில்லை. அந்தத் தந்தையும் மகனும் கேட்ட கேள்வியை மட்டும் நீங்களும் கேளுங்கள்: இந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது?

நீங்களே செய்து பாருங்கள்

கிட்டார் வைத்திருக்கும் இரண்டு நண்பர்களை அழையுங்கள். ஒருவருடையது விலை உயர்ந்தது, மற்றவருடையது எளியது என்றால் மிகவும் நல்லது. தற்சார்பு மாறி கிட்டார். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்: ஒரே ஆம்ப்ளிஃபையர், ஒரே குமிழ் நிலை, ஒரே வகைப் பிக்கப், ஒரே மெட்டுத் துணுக்கு, வாசிப்பவரும் ஒருவரே. ஒலியளவைச் சமப்படுத்த மறக்காதீர்கள். சற்றுச் சத்தமாக ஒலிப்பதை நம் காது ‘நல்ல ஒலி’ என்று எடுத்துக்கொள்ளும்.

கேட்பவர் முதுகைக் காட்டி உட்காரட்டும். எந்தக் கிட்டாரை வாசிப்பது என்பதை ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யுங்கள். பத்து முறை வாசித்து, எது எந்தக் கிட்டார் என்று அவரை ஊகிக்கச் சொல்லுங்கள். ஐந்து சரி என்றால் அது வெறும் ஊகம். ஒன்பது அல்லது பத்து சரி என்றால் அவருக்கு உண்மையிலேயே வேறுபாடு கேட்கிறது. ஏனென்றால் ஊகத்தால் மட்டும் அப்படி வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றுதான்.

வேறுபாடு கேட்டால் அடுத்த கேள்வி: எந்தக் கிட்டாரின் ஒலி அவருக்குப் பிடித்தது? விலையைச் சொல்வதற்கு முன் அவர் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.